மீசைநாயகர் உட்கார்ந்த நாற்காலி

இனிமேல் ஒரு காரியத்தையாவது மனைவியைக் கேட்காமல் செய்துவிடுவது என்று சலூன்காரர் தீர்மானித்தபோது அவர் கையில் சவரக்கத்தி இருந்தது. கத்திக்குக் கீழே ஓய்வுபெற்ற வாத்தியாரின் கழுத்து இருந்தது. அதனால் அந்தத் தீர்மானத்துக்கு மறுப்பு எதுவும் வரவில்லை.

"ஆம்பளைன்னா ஒரு முடிவு சொந்தமா எடுக்கணும். என்ன சொல்றீங்க வாத்தியாரே?"

வாத்தியார் கண்ணை மூடித் திறந்தார். அதற்கு மேல் அசைவது நல்லதல்ல என்று அவருக்குத் தெரியும்.

சவரம் முடிந்தது. சலூன்காரர் சூடான துண்டை உதறி விரித்தார். அப்போதுதான் வாத்தியார் வாயைத் திறந்தார். "இது சேர்த்தா, தனியா?"

உலகத்திலேயே சலூன்காரருக்குப் பிடிக்காத கேள்வி அதுதான். வெளியே பலகையில் முடிவெட்டுக்கும் சவரத்துக்கும் எழுதியிருந்த விலை மிகவும் நியாயமான விலை. உள்ளே வந்து உட்கார்ந்தபிறகுதான் சூடான துண்டு வரும், பவுடர் வரும், தலைக்கு எண்ணெய் வரும், நெற்றிப்பொட்டில் இரண்டு அமுக்கு வரும். எல்லாம் பாசத்தோடு வரும். எழுந்திருக்கும்போது எல்லாவற்றுக்கும் தனித்தனியாக விலை வரும். இது சரியில்லை என்று மனைவி ஒருமுறை சொன்னாள். அவர் அமைதியாகப் பதில் சொன்னார். யாரையும் நான் கட்டாயப்படுத்தவில்லை. வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். வேண்டாம் என்று சொல்லாதவர்களிடம்தான் வாங்குகிறேன். அது அவர்கள் சம்மதம். மனைவி அதற்கு மேல் பேசவில்லை. அவள் பேசாமல் போனால் தான் ஜெயித்துவிட்டதாக அவருக்கு ஓர் எண்ணம் உண்டு. கல்யாணமாகி இத்தனை காலமாகியும் அந்த எண்ணம் அவரை விட்டுப் போகவில்லை.

எதிர்ச்சாரியில் கண்ணாடிக் கதவு போட்ட புதுச் சலூன் ஒன்று வந்திருந்தது. குளுகுளுவென்று இருக்கும். எல்லாம் சேர்த்து ஒரே விலை. அது வந்ததிலிருந்து இவர் கடை பெஞ்சில் ஆட்களைவிடப் பழைய பேப்பர்தான் அதிகம் உட்கார்ந்திருந்தது. போதாக்குறைக்குக் கடை நாற்காலியும் சதி செய்தது. மிதித்தால் உயரும். ஆனால் உயர்ந்த இடத்தில் நிற்காது. உட்கார்ந்தவர் ஊர்க்கதை ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு சாண் இறங்கிவிடுவார். உயரமானவர்கள் பரவாயில்லை. குள்ளமானவர்கள் கடைசியில் கண்ணாடியில் தெரியவே மாட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் மீசைநாயகரின் செய்தி வந்தது.

மீசைநாயகர் என்றால் சினிமாவில் இருபது பேரை ஒரே கையால் அடித்தவர். மறு கை மீசையில் இருக்கும். இப்போது நடிப்பை விட்டு ஓய்வில் இருந்தார். சலூன்காரரின் கண்ணாடிக்கு மேலே அவர் படம்தான் மாட்டியிருந்தது. மீசையை அவர் மாதிரி ஒதுக்கிவிட இந்தக் கடையில் தனி விலை. அந்த மீசைநாயகர், ஏழைக் குழந்தைகளின் இதய ஆபரேஷனுக்காகத் தன் சாமான்களை இணையத்தில் ஏலம் விடுகிறார் என்று பக்கத்து மருந்துக்கடைக்காரர் போனில் காட்டினார். வாள் இருந்தது. பூட்ஸ் இருந்தது. கடைசியாக, படப்பிடிப்பில் அவர் உட்கார்ந்து முகத்தை ஒப்பனை செய்துகொண்ட நாற்காலி இருந்தது. கறுப்புத் தோல், மரக் கைப்பிடி.

சலூன்காரர் போனை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அந்த நாற்காலி கடைக்கு வந்துவிட்டால் எதிர்ச்சாரிக் குளிரில் எவன் உட்காருவான்? மீசைநாயகர் உட்கார்ந்த இடத்தில் தானும் உட்கார ஊரே வரிசையில் நிற்காதா? பவுடர் டப்பா ஒன்றில் அவர் மனைவிக்குத் தெரியாமல் சேர்த்து வைத்த பணம் இருந்தது. இதைக் கேட்காமல் செய்வது. இதுதான் அந்தக் காரியம்.

கடைக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. கேரம் பலகை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மின்விசிறி. மத்தியானத்தில் சலூன்காரரும் மருந்துக்கடைக்காரரும் அங்கேதான் உலக விவகாரம் பேசுவார்கள். சலூன்காரர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து, அதை அவரே முடிக்கக்கூடிய ஒரே இடம் அது.

அந்த அறையைத்தான் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தையல்காரி. வீட்டில் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் மிஷின் போட்டிருந்தாள். பிள்ளை தவழ்கிற வரைக்கும் தொந்தரவில்லை. நடக்க ஆரம்பித்ததும் நேரே மிஷினுக்குத்தான் வரும். ஒருநாள் அதன் விரல் ஊசிக்கு அடியில் போய்விட்டது. மிதியிலிருந்து அவள் காலை எடுத்த வேகத்தில் தப்பியது. அன்றிலிருந்து பிள்ளை தூங்கும்போது மட்டும்தான் தைப்பாள். பிள்ளையோ தூங்குவதில் அவ்வளவு ஆர்வமில்லாத பிள்ளை. வந்த துணியெல்லாம் தைக்காமல் திரும்பிப் போயிற்று. கடையின் பின்னறையைக் கொடுங்கள், பிள்ளையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்து நிம்மதியாகத் தைக்கிறேன் என்று கேட்டாள்.

"பாக்கலாம்," என்றார் அவர்.

பிள்ளை வயிற்றில் இருந்தபோது பார்க்க ஆரம்பித்தவர். பிள்ளைக்குப் பல் முளைத்து, அந்தப் பல்லால் அவரையே கடித்தும் ஆயிற்று. இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏலத்தில் சேருவதற்கு மருந்துக்கடைக்காரர் தன் போனில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். தகவல் அனுப்ப ஒரு நம்பர் வேண்டும் என்று கேட்டது. சலூன்காரர் ஒரு நம்பரைக் கடகடவென்று சொன்னார். கையில் கத்திரி இருக்கும்போது போன் எடுக்க முடியாது என்பதால், கரண்டுக்காரரிலிருந்து பேங்க் வரைக்கும் யார் கேட்டாலும் அவர் கொடுக்கிற நம்பர் அது ஒன்றுதான். அவருக்கு மனப்பாடமான நம்பரும் அது ஒன்றுதான். அது யாருடைய போன் என்று அந்த நேரத்தில் அவர் யோசிக்கவில்லை. யோசித்துப் பழக்கமில்லை.

ஏலம் முடிகிற அன்று மத்தியானம் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். 'உண்மை ரசிகன்' என்ற பெயரில் எவனோ ஒருவன் விடாமல் விலையை ஏற்றிக்கொண்டிருந்தான். இவர் ஒரு படி ஏறினால் அவன் ஒரு படி ஏறினான். டப்பாவின் அடித்தகரம் தெரிகிற அளவுக்கு இவர் வந்தபோது உண்மை ரசிகனுக்கு என்ன வேலை வந்ததோ, நின்றுவிட்டான்.

"ஜெயிச்சுட்டோம்ணே," என்றார் மருந்துக்கடைக்காரர்.

சலூன்காரர் எழுந்து முன்கடைக்கு வந்து மீசைநாயகரின் படத்தைப் பார்த்தார். கண் கலங்கியது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு முடிவு. அதுவும் தர்மகாரியம். திரும்பி வந்தபோது மருந்துக்கடைக்காரர் போனைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"என்ன தேடறீங்க?"

"பில்லுக்கு அடி எங்க இருக்குன்னு தேடறேன். இன்னும் கீழ போகுதுண்ணே."

"டப்பாவுல இருக்கிறது ஏலத்தொகைக்குச் சரியா இருக்குமே?"

"ஏலத்தொகைக்குச் சரிதான். அது குழந்தைங்களுக்கு. மத்தது ஏலம் விட்ட கம்பெனிக்கு." அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். வாங்குகிறவர் கொடுக்க வேண்டிய கமிஷன். கமிஷனுக்கு வரி. பேக்கிங். இன்சூரன்ஸ். கையாளும் கட்டணம். சான்றிதழ் கட்டணம். வசதிக் கட்டணம்.

"யாரு வசதிக்கு?"

"அது போடலண்ணே."

எல்லாவற்றையும் கூட்டினால் நாற்காலிக்கு முக்கால் நாற்காலி வந்தது. கட்டி எடுக்கிற வரைக்கும் தினப்படி கிடங்கு வாடகை வேறு. சலூன்காரர் மருந்துக்கடைக்காரரின் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மருந்துக்கடைக்காரருக்குத் திடீரென்று கடையில் ஆள் காத்திருப்பது ஞாபகம் வந்தது.

அன்றைக்கே டப்பாவைக் காலி செய்து ஏலத்தொகையைக் கட்டினார். மிச்சத்துக்கு வழி தெரியவில்லை. வீட்டில் மனைவி வழக்கத்துக்கு மாறாக அன்பாக இருந்தாள். தட்டை வைத்தாள். தண்ணீரை அவர் கேட்காமலேயே வைத்தாள். முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"என்னங்க, முகமே சரியில்ல. கடையில யாராவது நாற்காலியிலேர்ந்து விழுந்துட்டாங்களா?"

அவருக்குப் புரையேறியது. அவள் தலையில் தட்டிவிட்டாள். எந்த நாற்காலி என்று அவர் கேட்கவில்லை.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாள், உட்காருகிறதுக்கு முன்னால் அவருக்குத் துணியால் துடைத்து நாற்காலி போட்டாள். பில்லுக்குக் கீழே கிடங்கு வாடகை, விருந்துக்கு வந்த சொந்தக்காரன் மாதிரி நகராமல் வளர்ந்துகொண்டிருந்தது. நான்காம் நாள் காலையில், அவள் பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தபோது, அவர் எதிரே வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். டப்பாவையும் சொன்னார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்துக் கழுத்தைச் சுருக்கிக்கொண்டார். அவள் திட்டவில்லை. சீப்பைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, பில்லைப் படிக்கச் சொன்னாள். அவர் படித்தார். ஒவ்வொன்றுக்கும் கோர்ட்டில் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"கையாளும் கட்டணம்னா?"

"கையால தொடறதுக்கு."

"தொடாம எப்படிப் பேக்கிங் பண்ணுவாங்க?"

"அதுக்குப் பேக்கிங் கட்டணம்."

"சான்றிதழ்?"

"அது நாயகரோட நாற்காலிதான்னு எழுதிக் குடுப்பாங்க."

"அப்போ ஏலம் விட்டப்ப அது யாரோடதுன்னு சொன்னாங்க?"

அவள் பிள்ளையின் வாயிலிருந்து சீப்பை எடுத்தாள்.

"சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்," என்றாள். "குழந்தைங்களுக்குப் போனது போகட்டும். அது நல்ல காசு. மத்ததுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

அதற்குத்தான் அவளிடம் வந்ததாக அவர் சொன்னார். அவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு, அவர் வாழ்நாளில் மறக்க முடியாத அமைதியோடு பேசினாள்.

"அந்தக் கட்டணமெல்லாம் இனிமே என் பொறுப்பு. நாற்காலி உங்க கடைக்கு வந்து சேரும். பதிலுக்குப் பின்னால ரூம் என் பொறுப்பு."

"பாக்கலாம்மா."

"பாருங்க. கிடங்கு வாடகையும் கூடவே பாத்துக்கிட்டு இருக்கும்."

சலூன்காரர் மத்தியானத்தை நினைத்தார். கேரம் காய்கள் சரசரவென்று குழியில் விழுகிற சத்தத்தை நினைத்தார். முழுதாக முடிந்த தன் வாக்கியங்களை நினைத்தார். பெருமூச்சு விட்டார். சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

நாற்காலி அந்த வாரமே வந்தது. பழைய போர்வையில் சுற்றி, கயிறு போட்டு, மனைவியின் தம்பியுடைய வேனில் வந்தது. இத்தனை பேக்கிங் கட்டணம் வாங்கிக்கொண்டு போர்வையிலா சுற்றி அனுப்புவார்கள் என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. அதுவும் தங்கள் வீட்டுப் போர்வை மாதிரியே. ஆனால் நாயகரின் நாற்காலியைப் பார்த்த பரவசத்தில் அந்த எண்ணம் வந்த வழியே போய்விட்டது.

பழைய நாற்காலி ஓரம் போயிற்று. புதியது நடுவில் நின்றது. முதல் ஆளாக வாத்தியார் உட்கார்ந்தார். சலூன்காரர் சோப்பு நுரை பூசினார். கத்தியை எடுத்தார். தலையைச் சாய்க்கச் சொன்னார்.

வாத்தியார் சாய்த்தார். தலை போய்க்கொண்டே இருந்தது. தாங்குவதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் சலூன்காரருக்கு உறைத்தது. அது சாயாது. சுழலாது. உயராது, தாழாது. தலை வைக்க இடம் இல்லை. பொட்டு வைத்துப் பவுடர் பூசுகிறவனுக்கு அதெல்லாம் எதற்கு? பிறந்ததிலிருந்து சவர நாற்காலியைச் சுற்றியே வாழ்ந்தவர், படத்தில் தோலைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், தலை சாய்க்கிற கட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. சவரம் முடிகிறவரை வாத்தியார் அசையவில்லை. சலூன்காரர்தான் அவரைச் சுற்றி வந்தார். இடது கையால் மண்டையைத் தாங்கிக்கொண்டு வலது கையால் சிரைத்தார். முடிந்ததும் வாத்தியார் பிடரியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இந்தக் கழுத்துவலி சேர்த்தா, தனியா?"

ஒரு வாரம் ஆட்கள் வந்தார்கள். உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு, முடிவெட்டிக்கொள்ள எதிர்ச்சாரிக்குப் போனார்கள். ஒருநாள் கடை மூடுகிற நேரத்தில் நாற்காலியைத் துடைத்தபோது கைப்பிடிக்கு அடியில் விரலில் ஏதோ ஒட்டியது. குனிந்து பார்த்தார். காய்ந்துபோன பசை. பசையில் ஒரு கொத்து மயிர். கறுப்பாக, தடிப்பாக, ஒரே அளவாக. மயிர் விஷயத்தில் யாரும் அவரை ஏமாற்ற முடியாது. அது மனுஷ மயிரே இல்லை. நிமிர்ந்து கண்ணாடிக்கு மேலே இருந்த படத்தைப் பார்த்தார். அந்த மீசையை ஒதுக்கிவிட எத்தனை பேரிடம் தனி விலை வாங்கியிருக்கிறார். நாயகர் சிரித்துக்கொண்டிருந்தார். சலூன்காரர் பசையைக் கத்தியால் சுரண்டித் தரையில் போட்டுப் பெருக்கித் தள்ளினார். இதை யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் மனைவி வந்து பார்த்தாள். "சும்மா நிக்கிற சாமான்தானே. நான் உள்ள எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். பழைய நாற்காலி நடுவுக்குத் திரும்பி வந்து, வழக்கம்போல இறங்க ஆரம்பித்தது.

பின்னறை மாறிவிட்டது. கேரம் பலகை சுவரோரம் நின்றது. அதன்மேல் துணி வெட்டும் காகிதங்கள் தொங்கின. ஜன்னலோரம் மிஷின். மிஷினுக்கு முன்னால் நாயகரின் நாற்காலி. அளவெடுத்துச் செய்த மாதிரி உயரம். மனைவி அதில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து தைத்தாள். பெண்கள் வந்தார்கள். கூட வந்த பிள்ளைகளுக்கு முன்கடையில் முடி வெட்ட வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். பெஞ்சில் பழைய பேப்பருக்கு இடம் குறைந்தது. சலூன்காரருக்கு அதில் சந்தோஷம்தான். வாக்கியங்கள்தான் பாதியில் நின்றன.

இப்படி இருக்கும்போது ஒருநாள் மச்சினன் முடி வெட்டிக்கொள்ள வந்தான். வேன் ஓட்டுகிற, மனைவியின் தம்பி. தலையைக் குனிந்துகொண்டே பேச்சுக்கொடுத்தான்.

"அன்னைக்கு அக்கா அந்தக் கிடங்குல பேசுன பேச்சு இருக்கே அத்தான். அவன் ஆடிப்போயிட்டான்."

கத்திரி நின்றது. "எந்தக் கிடங்குல?"

"நாற்காலி எடுக்கப் போனப்பத்தான். ஏல நிபந்தனையில கடைசியில பொடி எழுத்துல இருக்காமே. ஒரு வாரத்துக்குள்ள நேர்ல வந்து எடுத்தா பேக்கிங் கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது, கையாளுறது, கிடங்கு வாடகை எதுவுமே கிடையாதுன்னு. சான்றிதழ் எனக்கு வேண்டாம்னுட்டாங்க. அதுவும் போச்சு. காசை எண்ணிக் கையில குடுக்கறேன்னதும் வசதிக் கட்டணமும் போச்சு. கமிஷனும் வரியும் மட்டும் கட்டிட்டு, வீட்டுலேர்ந்து கொண்டுபோன போர்வையைச் சுத்தி எடுத்துட்டு வந்தோம்."

சலூன்காரர் சீப்பில் ஒட்டியிருந்த முடியை ஊதினார். மச்சினன் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தான்.

"உன்னை எப்போ கூப்பிட்டா?"

"ஏலம் முடியறதுக்கு முந்தின நாளே சொல்லி வெச்சுட்டாங்களே. அத்தான் ஜெயிச்சா வண்டி வேணும், தோத்தா வேண்டாம்னு."

மச்சினனைப் பாதித் தலையோடு விட்டுவிட்டு அவர் பின்னறைக்குப் போனார். கத்திரி கையிலேயே இருந்தது. மனைவி நாயகரின் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் நிற்கிறவரை காத்திருந்தார். அது அவர் வழக்கம்.

"ஏலத்துல சேந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"எந்த நம்பரைக் குடுத்தீங்க?"

அவர் நம்பரை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"நீங்க சேந்த அன்னைக்கே எனக்கு மெசேஜ் வந்துச்சு, அப்புறம் ஒவ்வொரு தடவை ஏத்துனப்பவும் வந்துச்சு," என்றாள் அவள். "முதல் மெசேஜோட நிபந்தனையும் வந்துச்சு. பிள்ளை தூங்கினப்ப உக்காந்து கடைசி வரைக்கும் படிச்சேன். நாற்காலியோட உயரமும் போட்டிருந்தான். மிஷினுக்குச் சரியா இருக்கும்னு பட்டுது."

"அப்பவே நிறுத்தியிருக்கலாமே."

"குழந்தைங்களுக்குப் போற காசை நிறுத்துவாங்களா? அதோட, நீங்க ஒரு முடிவு எடுத்திருந்தீங்க. முதல் முடிவு."

கடைசியாகக் கையில் மிச்சமிருந்த ஒரே நியாயத்தை எடுத்தார். "பாதிக் கட்டணம் கட்டவே இல்லையே. அப்புறம் அதுக்குப் பதிலா என் ரூமை வாங்கினது?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சூடான துண்டு வேண்டாம்னு சொன்னவங்ககிட்ட நீங்க காசு வாங்குவீங்களா?"

"மாட்டேன்."

"நீங்க வேண்டாம்னு சொல்லலையே."

முன்கடையிலிருந்து மச்சினன் அத்தான் என்று கூப்பிட்டான். குரல் கீழேயிருந்து வந்தது. சலூன்காரர் போகத் திரும்பினார். மனைவி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஊசியில் வேறு நூல் கோத்தாள். அவள் குரல் இளகியிருந்தது.

"இங்க வாங்க. சட்டையில பொத்தான் தொங்குது. தெச்சு விடறேன்."

அவர் இரண்டடி கிட்டே வந்தார். நின்றார். பொத்தானைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அது சேர்த்தா, தனியா?"